டூலைப் பின்னால் எடுத்தவர்கள்: போல்ட் த்ரோவரின் கடைசி ஆல்பம்

இங்கிலாந்தில் இருக்கும் கவென்ட்ரி என்ற ஊரின் பெயரை நான் முதலில் பார்த்தது ஒரு லேத்தில். கோயம்புத்தூர் கணபதியில் அப்பா நடத்திய பட்டறையில் பழைய கேப்ஸ்டன் லேத் ஒன்று நின்றது. எத்தனை கை மாறி எங்களிடம் வந்ததோ, அதன் நெற்றியில் ஒரு பித்தளைத் தகடு மட்டும் அசையாமல் இருந்தது: ஆல்ஃபிரட் ஹெர்பர்ட், கவென்ட்ரி. ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்டால் அந்தத் தகட்டைத் துடைப்பது என் வேலை. கூலி, முக்கு பேக்கரியில் ஒரு தேங்காய் பன்னும் டீயும்.

பிறகு 2006-இல், பெங்களூரில் வேலைக்குப் போயிருந்த நண்பன் ஒருவன் பொங்கல் லீவுக்கு வந்தபோது, கம்ப்யூட்டரில் காப்பி அடித்த ஒரு சிடியைக் கையில் திணித்தான். மேலே மார்க்கரில் கோணல்மாணலாக ‘போல்ட் த்ரோவர்’ என்று எழுதியிருந்தது. “உங்க பட்டறைக்குன்னே பேர் வச்ச மாதிரி இருக்கு, கேளு” என்றான். போல்ட் எறிகிறவன்! அப்போது எங்களுக்கு வந்த ஆர்டரில் முக்கால்வாசி போல்ட்டும் நட்டும்தான். உண்மையில் அந்தப் பெயர் வார்ஹாமர் என்கிற மேஜை விளையாட்டிலிருந்து வந்தது. ராட்சத அம்புகளை எய்யும் எந்திரம் ஒன்றின் பெயர். சரி, இந்த இசைக்குழு எந்த ஊர் என்று தேடிப் பார்த்தால் கவென்ட்ரி. மறுநாள் காலையில் அந்த லேத்தைப் பார்த்தபோது சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

அந்த சிடியில் இருந்த ஆல்பம் ‘தோஸ் ஒன்ஸ் லாயல்’. ஒரு காலத்தில் விசுவாசமாக இருந்தவர்கள் என்று பொருள். 2005 நவம்பரில் மெட்டல் பிளேட் நிறுவனம் வெளியிட்டது. போல்ட் த்ரோவருக்கு அது எட்டாவது ஆல்பம், கடைசியும் அதுதான். கிட்டத்தட்ட இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது மறுபடி ஒருமுறை உட்கார்ந்து, வேறு எதுவும் செய்யாமல் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

டெத் மெட்டல் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சுருதியைத் தரைமட்டத்துக்கு இறக்கிய கிடாரும், அடிவயிற்றிலிருந்து வரும் உறுமலும், இடி மாதிரி டிரம்ஸும் சேர்ந்த இசை. அதில் பெரும்பாலானவர்கள் வேகத்தில் போட்டி போடுவார்கள். யார் அதிக ஸ்வரத்தை ஒரு நொடிக்குள் திணிப்பது என்று பார்ப்பார்கள். போல்ட் த்ரோவர் அந்தப் பந்தயத்தில் ஓடவில்லை. அவர்கள் வேகம் பவர் பிரஸ் வேகம். இறங்கும், தகட்டை வெட்டும், ஏறும், மறுபடி இறங்கும். அவசரம் கிடையாது, ஆனால் குறுக்கே கையை வைத்தால் கை போய்விடும்.

இதைப் பட்டறையில் முதன்முதலாகச் சத்தமாக வைத்த அன்று, டிரில்லிங் மெஷினில் நின்ற பையன் ஓடிவந்தான். “ஏனுங்ண்ணா, பேரிங் போயிருச்சுங்களா?” என்றான். இதைவிடச் சரியான விமர்சனத்தை இன்றுவரை எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை.

குழு ஆரம்பித்தது 1986-இல். கவென்ட்ரியில் ஒரு பப்பின் கழிப்பறையில் நின்று பேசும்போது கேவின் வார்டுக்கும் பாஸ் தாம்சனுக்கும் தோன்றிய யோசனை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். தாம்சன் கிடார்; வார்டு முதலில் பேஸ் கிடார், பிறகு கிடாருக்கு மாறினார். பேஸ் கிடாருக்கு ஜோ பெஞ்ச் 1987-இல் வந்தார். இந்த வகை இசையில் பெண்கள் அநேகமாக இல்லாத காலம் அது. கடைசி வரைக்கும் அவரே வாசித்தார். வேன் ஓட்டிக்கொண்டிருந்த கார்ல் வில்லெட்ஸ், பாடுகிறவர் விலகியதும் மைக்கைப் பிடித்தார். டிரைவர் பாடகரான கதையை எங்கள் பட்டறையில் சொன்னபோது டெம்போ ஓட்டுகிற அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. 1988-லேயே பிபிசி வானொலியில் ஜான் பீல் நிகழ்ச்சிக்கு வாசித்துவிட்டார்கள். முதல் ஆல்பமும் அதே வருடம்.

எட்டு ஆல்பமும் போரைப் பற்றித்தான். முதலில் விளையாட்டு உலகத்தின் கற்பனைப் போர், பிறகு சிலுவைப் போர், கூலிப்படை, கடைசியில் உண்மையான அகழிகள். போர், போர் என்று இப்படிப் பிடித்துக்கொண்டதற்கு ஊரும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றும். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் கவென்ட்ரியைக் குண்டு போட்டு அழித்தன. இடிந்த தேவாலயத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். இவர்கள் வளர்ந்தது அந்த மொட்டைச் சுவர்கள் நிற்கும் ஊரில். அது போக, இவர்கள் குழு ஆரம்பித்த காலத்தில் ஊரின் தொழிற்சாலைகளும் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் உலகத்தின் மிகப்பெரிய மெஷின் டூல் கம்பெனிகளில் ஒன்றாக இருந்த ஹெர்பர்ட்டும் 1980-களில் இல்லாமல் போனது. எங்கள் பட்டறையில் அவர்கள் லேத் ஓடிக்கொண்டிருந்தது, அதைச் செய்த கம்பெனி இல்லை.

இனி பாட்டுகள். மொத்தம் ஒன்பது, 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதுவே எனக்குப் பிடித்த முதல் விஷயம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் மெட்டல் ஆல்பம் என்றால், நடுவில் எங்கோ கொஞ்சம் மணல் கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

‘அட் ஃபர்ஸ்ட் லைட்’ விடியற்காலைத் தாக்குதல். மெல்ல ஆரம்பித்து, எடை கூடிக்கொண்டே வந்து, பிறகு நகரத் தொடங்குகிறது. கனமான ஃப்ளைவீல் சுற்றத் தொடங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முதல் சுற்றுக்குத்தான் மோட்டார் முனகும். பிறகு நிறுத்துவதுதான் கஷ்டம். ‘என்ட்ரெஞ்ச்டு’ அந்த ஓட்டத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது.

மூன்றாவது பாட்டு ‘தி கில்செயின்’. இந்த ஆல்பத்தில் ஒன்றே ஒன்று கேட்க நேரம் என்றால் இதைக் கேளுங்கள். எதிரியைக் கண்டுபிடிப்பது, குறிவைப்பது, உத்தரவு போடுவது, அழிப்பது என்று ஒன்றோடொன்று கோத்த சங்கிலிக்கு ராணுவத்தில் இருக்கும் பெயர் அது. பாட்டும் சங்கிலி மாதிரியே கட்டப்பட்டிருக்கிறது. கிடார் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. கேட்கிற உங்கள் தலை தானாக ஆட ஆரம்பிக்கிறது. அடுத்தது மாறும் என்று எதிர்பார்க்கும் இடத்தில் மாறாது, சரி மாறாது என்று விட்டுவிட்ட இடத்தில் மாறும். இதில் மார்ட்டின் கியர்ன்ஸின் டிரம்ஸைத் தனியாகக் கவனியுங்கள். காலால் அடிக்கும் இரட்டை பேஸ் டிரம் முழுப் பாட்டுக்கும் கொட்டிக்கொண்டே இருப்பதில்லை. தேவைப்படும் இடத்தில் வருகிறது, உடனே ஒதுங்கிக்கொள்கிறது. அது ஒதுங்கும் இடங்களில்தான் கிடாரின் கனம் தெரிகிறது. எத்தனையோ டிரம்மர்களுக்கு இந்த ஒதுங்கல் கடைசி வரை வருவதில்லை.

வில்லெட்ஸின் குரலையும் சொல்ல வேண்டும். உறுமல்தான், ஆனால் வார்த்தை கேட்கும். முந்தைய ஆல்பத்தில் அவர் இல்லை. 2001-இல் வந்த ‘ஹானர் வேலர் பிரைட்’டில் டேவ் இங்கிராம் பாடினார். மோசம் என்று சொல்ல மாட்டேன், மாற்றாந்தாய் வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கும். இங்கிராம் விலகியதும் வில்லெட்ஸ் திரும்பி வந்தார். இந்த ஆல்பத்தில் முதல் வரியிலேயே வீட்டுக்கு வந்த நிம்மதி.

தலைப்புப் பாட்டு ஐந்தாவதாக, சரியாக நடுவில் இருக்கிறது. இதில் கிடார் லேசாக அழுகிறது. ஆமாம், டெத் மெட்டல்தான், ஆனால் இந்தப் பாட்டின் மெட்டில் எனக்குக் கேட்பது ஒப்பாரி. கோபத்தோடு ஆரம்பித்து, யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் துக்கமாக மாறிவிடுகிற குரல். எங்கள் பாட்டி இறந்தபோது பெரியத்தை ஒருவர் அப்படி அழுது பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் அட்டைப்படத்துக்கு வருகிறேன். லண்டனில் உள்ள ஒரு போர் நினைவுச் சின்னத்தின் புடைப்புச் சிற்பம் அது. பீரங்கியும் அதை இயக்கும் வீரர்களும். மற்ற டெத் மெட்டல் குழுக்கள் அட்டையில் மண்டையோடும் குடலும் ரத்தமுமாகப் போட்டுக்கொண்டிருக்க, இவர்கள் ஒரு நினைவுச் சின்னத்தைப் போட்டார்கள். பல வருடம் நான் இதை வெறும் ராணுவப் படம் என்றே நினைத்திருந்தேன். பிறகு ஒரு கல்யாணத்துக்காகச் செங்கம் பக்கம் போனபோது, வழியில் வயலோரம் சாய்ந்து நின்ற ஒரு நடுகல்லைப் பார்த்தேன். கையில் ஆயுதத்தோடு, ஒரு காலை முன்னால் வைத்து, கல்லுக்குள்ளிருந்து பாதி வெளியே வந்த மாதிரி ஒரு ஆள். அப்போதுதான் இந்த அட்டை ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு அவன் நாய்க்கும் அதில் இடம் உண்டு. நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். எந்தச் சண்டை, யார் ஜெயித்தார் என்பதெல்லாம் இப்போது யாருக்கு வேண்டும்? கோவிவன் என்ற பெயர் மட்டும் ஆயிரத்து நானூறு வருடமாக நிற்கிறது.

‘தோஸ் ஒன்ஸ் லாயல்’ அந்த ஜாதி. இது போர்ப்பரணி இல்லை, நடுகல். யாரையும் வெட்டி வீழ்த்தச் சொல்லவில்லை. விழுந்தவனுக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1991-லேயே ‘சினோடாஃப்’ என்று ஒரு பாட்டு செய்திருந்தார்கள். உடல் இல்லாத நினைவுக் கல்லறை என்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம். அப்போது அது அவர்களுக்கு ஒரு பாட்டு. இங்கே ஆல்பம் முழுவதும் அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. ‘ஆன்டி டேங்க்’ பாட்டின் கிடாரை வேறொரு பழைய ஆல்பத்தில் கேட்டோமே என்று தோன்றும். ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு வேறுபாடு குறைவு என்று என் நண்பனே சொல்வான், நான் மறுக்க மாட்டேன். ‘சால்வோ’ ஐந்து நிமிடத்துக்கு மேல் போகிறது; நாலில் முடித்திருக்கலாம். அதற்கு முன்னால் வரும் ‘லாஸ்ட் ஸ்டாண்ட் ஆஃப் ஹியூமானிட்டி’ மூன்று நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவதால் இந்த நீளம் இன்னும் உறுத்துகிறது. ஒலிப்பதிவு சுத்தம். 1989-இல் வந்த ‘ரெல்ம் ஆஃப் கேயாஸ்’ஸின் கரடுமுரடு பிடித்தவர்களுக்கு இந்தச் சுத்தமே குறையாகத் தெரியலாம். எனக்குத் தெரியவில்லை. ரஃப் கட்டுக்கு ரஃப் கட்டின் அழகு, ஃபினிஷ் கட்டுக்கு அதன் அழகு.

ஃபினிஷ் கட் என்றதும் அப்பா ஞாபகம். கடைசலில் முதலில் ஆழமாக வெட்டி அளவுக்குப் பக்கத்தில் கொண்டுவருவோம். கடைசியாக மெல்லிசாக ஒரு ஓட்டு, அதுதான் ஃபினிஷ். அது முடிந்து மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து அளவு சரி என்றானபின், புதிதாக வேலைக்கு வருகிறவன் கை சும்மா இருக்காது. இன்னும் கொஞ்சம் பளபளப்பு வரட்டுமே என்று இன்னொரு ஓட்டு ஓட்டுவான். அவ்வளவுதான், அளவு குறைந்துவிடும். அதற்குப் பிறகு அந்த வேலை பழைய இரும்புக் கடைக்குத்தான். “அளவு வந்துருச்சில்ல? டூலப் பின்னால எடு” என்று அப்பா அதட்டுவார். நானே பல முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போல்ட் த்ரோவர் ஆரம்பத்திலிருந்தே ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்: குறையில்லாத ஒரு போல்ட் த்ரோவர் ஆல்பத்தைப் பதிவு செய்துவிட்டால் நிறுத்திவிடுவோம். எல்லாக் குழுவும் பேட்டியில் ஏதாவது சொல்லும், யார் கணக்கில் வைப்பது? இந்த ஆல்பம் வந்தது, ஊர் ஊராக வாசித்தார்கள். அடுத்த ஆல்பத்துக்குப் பாட்டு கட்ட உட்கார்ந்தார்கள். 2008-இல் அதை நிறுத்திவைத்தார்கள். புதிய பாட்டுகள் ‘தோஸ் ஒன்ஸ் லாயல்’ அளவுக்கு வரவில்லை என்பதுதான் காரணம். மேடையில் வாசிப்பது தொடர்ந்தது, டிக்கெட்டும் பனியனும் மலிவாகவே விற்றார்கள், ஸ்டுடியோ பக்கம் மட்டும் போகவில்லை. கையில் விற்கத் தயாரான பெயர், வாங்கக் காத்திருக்கும் கூட்டம். ஒன்பதாவது ஆல்பத்தைச் சுமாராகப் போட்டிருந்தாலும் நானே முதல் ஆளாக வாங்கியிருப்பேன். அவர்கள் டூலைப் பின்னால் எடுத்துவிட்டார்கள்.

கடைசி ஆல்பம் என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் விதி முடித்துவைத்தவை. டெத் குழுவின் கடைசி ஆல்பம் 1998-இல் வந்தது. அடுத்த வருடமே அந்தக் குழுவை நடத்திய சக் ஷுல்டினருக்கு மூளையில் கட்டி என்று தெரிந்தது. 2001 டிசம்பர் 13 அன்று இறந்தார், வயது 34. அந்த ஆல்பத்தைக் கேட்கும்போது அறுந்த நூல் கையில் இருக்கும். இங்கே அப்படி இல்லை. நூல் முடிந்த இடத்தில் அவர்களே முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

போல்ட் த்ரோவரிலும் சாவு வந்தது, ஆனால் பிறகு. 2015 செப்டம்பரில் வழக்கமான ஒத்திகையின்போது மார்ட்டின் கியர்ன்ஸுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. 14-ஆம் தேதி தூக்கத்திலேயே இறந்துவிட்டார். 38 வயது. பதினேழு வயதுப் பையனாக 1994-இல் குழுவில் சேர்ந்து, நடுவில் விலகி, திரும்பி வந்தவர். சரியாக ஒரு வருடம் கழித்து, 2016 செப்டம்பர் 14 அன்று, குழு முடிந்தது என்று மற்றவர்கள் அறிவித்தார்கள். எங்கள் டிரம்மர் என்றென்றைக்கும் கியர்ன்ஸ்தான், அவர் இடத்தில் இன்னொருவர் இல்லை என்பது அந்த அறிவிப்பின் சாரம். வில்லெட்ஸ், ‘மெமோரியம்’ என்று வேறு பெயரில் வேறு குழு கட்டினார். போல்ட் த்ரோவர் பெயரை யாரும் தொடவில்லை.

இதெல்லாம் தெரிந்தபிறகு ஒன்பதாவது பாட்டைக் கேட்பது வேறு அனுபவம். அதன் பெயர் ‘வென் கேனன்ஸ் ஃபேட்’, பீரங்கிகள் ஓயும்போது. கடைசி ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு இப்படி ஒரு பெயர் என்றால் கதை எழுதுகிறவன்கூட வெட்கப்படுவான். பதிவு செய்த அன்று அவர்களுக்கு இது தெரியாது. 2006-இல் கேட்ட எனக்கும் தெரியாது. அன்று இது நன்றாக இருந்த கடைசிப் பாட்டு, அவ்வளவுதான். முடிந்ததும் சிடியை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டிருப்பேன். இப்போதெல்லாம் முடிந்தபின் உடனே அடுத்ததைப் போடுவதில்லை. கம்ப்ரஸர் காற்று ஏற்றிக்கொள்ளும் சத்தம் கேட்கும் வரை விட்டுவைக்கிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு: காப்பி அடித்த சிடியிலேயே பல வருடம் ஓட்டிவிட்ட குற்ற உணர்ச்சியில் ஒரிஜினல் சிடியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். பார்சல் வந்தபோது பிளாஸ்டிக் பெட்டி இரண்டாக உடைந்திருந்தது, தட்டு தப்பித்தது. அட்டைப் புத்தகத்துக்காகவே அந்தக் காசு செல்லும். போனில் கேட்பதாக இருந்தால் போனின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். ஜோ பெஞ்சின் பேஸ் முழுக்கக் காணாமல் போய், மிச்சம் இருப்பது குளவிக் கூடு. புதியவர்கள் இதில் ஆரம்பித்து, பிடித்தால் 1992-இல் வந்த ‘தி ஃபோர்த் க்ரூசேட்’டுக்குப் போகலாம். பழையதிலிருந்து வரிசையாகக் கேட்கிறேன் என்று இறங்கினால் முதல் ஆல்பத்திலேயே ஓடிவிடுவீர்கள்.

எங்கள் ஹெர்பர்ட் லேத்தை 2019-இல் எடைக்குப் போட்டோம். கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷின் வைக்க இடம் வேண்டியிருந்தது. கிரேன் தூக்குவதற்கு முன்னால் அந்தப் பித்தளைத் தகட்டை மட்டும் கழற்றிக்கொண்டேன். நாலு ஸ்க்ரூவும் வர மாட்டேன் என்று அடம்பிடித்தன, ஒன்றை டிரில் போட்டுத்தான் எடுக்க முடிந்தது. இப்போது அது ஆபீஸ் ரூமில் ஸ்பீக்கர் மேல் இருக்கிறது. ‘சால்வோ’ ஓடும்போது பேஸ் அதிர்வில் கடகடவென்று ஆடி, பாட்டைக் கெடுக்கும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி அடியில் கொடுத்திருக்கிறேன். இப்போது சத்தம் இல்லை.